ஆந்தைக்குப் பின்னால்

அத்தியாயம் 9

"சனிக்கிழமை வரேன்ப்பா. இந்த வருஷம் சுவரை மாத்தியே ஆகணும்" என்று பெத்தனி போனை வைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தச் சனிக்கிழமை விடிந்துவிட்டது. அது விடியாமலே போயிருக்கக்கூடாதா என்று நினைத்தபடி, வெண்டல் கெப்ளர் கார் கொட்டகையில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேடினார் என்பது சும்மா பேச்சுக்கு. அது அவர் கண்ணெதிரில்தான் தொங்கியது. எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போக மனசில்லை, அவ்வளவுதான்.

கெப்ளர் வீட்டு மாடிப்படிச் சுவரில் ஏழு போட்டோச் சட்டங்கள் உண்டு. வருஷத்தில் பதினோரு மாதம் அவற்றில் குடும்பப் படங்கள் இருக்கும். அக்டோபர் வந்தால் ஹாலோவீன் படங்கள். அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. போட்டோவை எடுக்காமல் அதற்கு முன்னால், கண்ணாடிக்கு உள்பக்கமாக, பூனையோ பூசணியோ சூனியக்காரியோ ஒரு படத்தைச் செருகிவிடுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று அதை உருவினால் குடும்பம் மறுபடியும் சிரித்துக்கொண்டு வெளியே வரும். கல்யாணமான புதிதில் வெண்டலின் மனைவி நோரீன் சிக்கனத்துக்காகச் செய்த வேலை, போகப்போக வீட்டு வழக்கமாகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண்டுதோறும் புதிதாக ஒரே ஒரு படம் வாங்குவார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டில் கடைக்குட்டிக்கு மட்டும்தான். போன வருஷம் பத்தொன்பது வயது டிராவிஸ் ஓர் ஆந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உருண்டை உருண்டையாய் மஞ்சள் கண், பட்ட மரக்கிளை, பின்னால் பெரிய நிலா.

"இது ஏண்டா உங்கப்பா மாதிரியே முழிக்குது?" என்று நோரீன் கேட்க, வீடே சிரித்தது. ஏழு சட்டங்களில் பெரிய சட்டத்தில் டிராவிஸ்தான் அதைச் செருகினான்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை, மூடுபனியில், சோளக்காட்டுச் சாலை வளைவில் அவன் வண்டி மரத்தில் மோதியது. அந்த ஞாயிற்றுக்கிழமை சுவரை மாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அடுத்த ஞாயிறும் தோன்றவில்லை. கிறிஸ்மஸ் வந்தது, மரத்தை ஜோடிக்கவில்லை. சுவரில் சூனியக்காரி விளக்குமாற்றில் பறந்துகொண்டிருந்தாள். ஈஸ்டர் வந்தது, எலும்புக்கூடு தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் மாடிப்படிப் பக்கம் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு டாட்டி மட்டும் போன வாரம் வாயை விட்டுவிட்டாள். "உங்களுக்கென்ன வெண்டல், இந்த வருஷம் ஒரு வேலையும் இல்லை. எல்லாம் ரெடியா மாட்டியே இருக்கு!" சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டு, மாலையில் ஒரு ஆப்பிள் 'பை' பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு வந்து அழுதாள்.

ஊருக்கு அது வேடிக்கை. நோரீனுக்கு அது அப்படியில்லை. அந்த ஆந்தைக்குப் பின்னால்தான் அவள் பிள்ளை இருந்தான். எட்டு வயது டிராவிஸ், ஈரி ஏரிக்கரையில், முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படம். மீன் துள்ள, அவன் சாய, பின்னாலிருந்து அவனைத் தாங்கிப் பிடித்தபடி நோரீன் வாய்விட்டுச் சிரிக்கிறாள். தொப்பி பாதி வானத்தில் பறக்கிறது. போனில் டிராவிஸின் படங்கள் எத்தனையோ கிடந்தன. அவள் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. தினமும் காலையில் படி இறங்கும்போது ஆந்தையின் கண்ணாடிமேல் இரண்டு விரலை வைப்பாள்.

"எழுந்திருடா சோம்பேறி, மணி ஏழு" என்பாள். அப்புறம்தான் காப்பி போடப் போவாள்.

பதினோரு மாதமாக இது நடக்கிறது. பதினோரு மாதமாக வெண்டல் படுக்கையில் படுத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஆந்தைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"வெண்டல்! இன்னுமா கெடைக்கலை?" வீட்டுக்குள்ளிருந்து நோரீனின் குரல் வந்தது.

"கெடைச்சிடுச்சு, வரேன்."

உள்ளே போனார். நோரீன் படியின் கீழே நின்றிருந்தாள். தலையை வாரியிருந்தாள், நல்ல ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவளை இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று! மற்ற நாளாயிருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

"பெத்தனி வந்ததும் கடைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள். "வந்து எல்லாத்தையும் மாத்திடலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஆந்தை மேல யாரும் கை வைக்கக் கூடாது. அதை நான்தான் எடுப்பேன்."

"எதுக்கு இப்ப அவசரம்? இருக்கட்டுமே நோரீன். இன்னும் கொஞ்ச நாள்..."

"போதும் வெண்டல். ஒரு வருஷமா ஒளிஞ்சிட்டிருந்தேன். இப்ப எனக்கு அவன் முகத்தைப் பாக்கணும்."

வெண்டல் ஸ்க்ரூ டிரைவரைக் கீழ்ப்படியில் வைத்தார். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வாசலில் பெத்தனியின் கார் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

*

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடையில் எள் விழ இடமில்லை. அக்டோபர் முதல் சனிக்கிழமை என்றால் ஊரே அங்கேதான் இருக்கும். பெத்தனி தள்ளுவண்டியை ஓட்டினாள். கொலம்பஸில் பள்ளி ஆசிரியை, இருபத்தெட்டு வயது, எதற்கும் திட்டம் போடுகிறவள். பொய்க் கல்லறைக் கற்களும் ரப்பர் கைகளும் அடுக்கியிருந்த வரிசை வந்ததும் வண்டியைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினாள்.

"நேராவே போ" என்றாள் நோரீன். "தர்மாகோல் கல்லைப் பாத்தா நான் உடைஞ்சு போயிட மாட்டேன்."

"இல்லம்மா, அங்கே கூட்டமா இருக்கு..."

"எனக்குக் கண்ணு தெரியும் பெத்தனி."

நேராகவே போனார்கள். நோரீன் ஒரு கல்லின் முன் நின்று, அதில் எழுதியிருந்த அசட்டுக் கவிதையைப் படித்துவிட்டு, "யாரு எழுதினானோ, அவனை நிக்கவெச்சு அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சுவர்ப் படங்கள் கடைசி வரிசையில் இருந்தன. காய்ந்த இலையும் பூசணியுமாய்ச் சில. கறுப்புப் பூனைகள். வீட்டின் சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் கொரில்லா ஒன்று, அது ஏன் ஹாலோவீனுக்கு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. படம் வாங்குவதில் கெப்ளர் வீட்டில் ஒரே ஒரு விதிதான்: ரத்தம் கூடாது.

"சரி, எடு" என்றாள் நோரீன்.

"நானா?" என்றாள் பெத்தனி.

"பின்னே? முறைன்னா முறைதானே?"

பெத்தனிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்பது வயதுவரை அந்த உரிமை அவளுடையதாக இருந்தது. டிராவிஸ் பிறந்து, ஒரு வயதுக் குழந்தையாய் வண்டியில் உட்கார்ந்து கண்டபடி கையை நீட்டி ஒரு வௌவால் படத்தைப் பிடித்து இழுத்த அன்று அது அவளைவிட்டுப் போயிற்று. அன்றைக்கு அவள் கடை நடுவில் உட்கார்ந்து அப்படி அழுதிருக்கிறாள். இப்போது கேட்காமலே திரும்பக் கிடைத்திருக்கிறது.

"எனக்கு வேண்டாம்மா. நீ எடு."

"அழாம எடு. பத்தொன்பது வருஷமா அவன் தேர்ந்தெடுத்ததெல்லாம் கண்றாவின்னு சொன்னே இல்லே? இப்ப நீ எடுத்துக் காட்டு."

பெத்தனி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள். கடைசியில் ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். நிலா வெளிச்சத்தில் ஒரு பேய் துணி காயப்போடுகிற படம். கொடியில் தொங்குவதெல்லாம் அதனுடைய வெள்ளைப் போர்வைகள். வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு, இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு, பேய் அலுத்துப்போய் நிற்கிறது.

நோரீன் அதையே உற்றுப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று வெண்டல் பக்கத்தில் போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"செத்தும் துவைக்கற வேலை விடலை பாரு இவளுக்கு!" என்றாள்.

பெத்தனியும் சிரித்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கடை நடுவில், கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். வெண்டலால் மட்டும் சிரிக்க முடியவில்லை. இந்தச் சிரிப்பை இன்று சாயங்காலத்துக்குள் அவர்தானே பறிக்கப்போகிறார்!

"இது நடுப்படிகிட்ட, சூனியக்காரி இருக்கற இடத்துக்கு" என்றாள் நோரீன். "மத்ததுக்கெல்லாம் பழசே இருக்கட்டும். ஆந்தை இருக்கற எடத்துல மட்டும் ஒண்ணும் மாட்டக் கூடாது. அங்கே என் பையன் இருப்பான். ஹாலோவீனுக்கும் அங்கேதான், கிறிஸ்மஸுக்கும் அங்கேதான். இனிமே அவனை நான் மறைக்கப்போறதில்லை."

*

கடை வாசலில் ஒரு கூடாரத்தில் சூடாக ஆப்பிள் சாறும் டோநட்டும் விற்றார்கள். நோரீன் வரிசையில் போய் நின்றாள். வெண்டலும் பெத்தனியும் காரின் பின்கதவைத் திறந்து படத்தை உள்ளே வைத்தார்கள்.

"அம்மா எவ்வளவு தேவலை, பாத்தீங்களாப்பா?" என்றாள் பெத்தனி. "நான் பயந்துட்டே வந்தேன். நல்லவேளை."

"பெத்தனி." வெண்டல் கதவை மூடாமல் நின்றார். "அந்த ஃபிரேம்ல போட்டோ இல்லை."

"எந்த ஃபிரேம்ல?"

"ஆந்தைக்குப் பின்னால. மீன் படம். அது அங்கே இல்லை."

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல், காருக்குள் படுத்திருந்த அந்தத் துணி காயப்போடும் பேயைப் பார்த்தே சொன்னார்.

அடக்கத்துக்கு முந்தின நாள், பெட்டிக்குப் பக்கத்து மேசைமேல் வைக்க அவன் படங்கள் வேண்டும் என்று அடக்கம் செய்பவர்கள் கேட்டிருந்தார்கள். நோரீன் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினாள். வெண்டல்தான் ஆந்தைச் சட்டத்தைக் கழற்றி, பின்னாலிருந்த மீன் படத்தை உருவி, ஆந்தையை மட்டும் உள்ளே விட்டு அட்டையை மூடி மறுபடி மாட்டினார். ஆனால் அந்தப் படத்தை மேசையில் வைக்கவில்லை. மறுநாள் காலையில், ஆட்கள் வருவதற்குமுன், பெட்டிக்குள் படுத்திருந்த பிள்ளையின் பக்கத்தில் அவரைத் தனியாக விட்டார்கள். அவன் சட்டைப் பைக்குள் அதை வைத்துவிட்டார்.

"ஏன்ப்பா?" பெத்தனியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தெரியலை. தனியாப் போறானேன்னு இருந்துச்சு. அம்மாவாவது கூட இருக்கட்டும்னு வெச்சேன்." காரின் பின்கதவை மூடினார். "அன்னிக்கு ராத்திரியே சொல்லணும்னுதான் இருந்தேன். மறுநாள் காலைல அவ அந்தக் கண்ணாடி மேல விரலை வெச்சுப் பேசினா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

"பதினோரு மாசம்! பதினோரு மாசமா அம்மா ஒரு அட்டைகிட்ட பேசிட்டிருக்கா, நீங்க கேட்டுட்டே இருந்திருக்கீங்க!"

"ஆமா."

"வேற காப்பி ஏதாவது?"

"ஏது? அது லைல் எடுத்தது. அவனோட பழைய கேமராவுல. ஒரே ஒரு பிரிண்ட்தான் கொடுத்தான்."

"அப்போ சித்தப்பாகிட்ட நெகட்டிவ் இருக்குமே! கேட்டீங்களா?"

கேட்பதற்கு வெண்டலுக்கு முகம் ஏது? தங்கள் தகப்பனாரை முதியோர் இல்லத்தில் சேர்த்ததில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து ஏழு வருஷம் பேச்சு நின்றிருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் டிராவிஸ் என்றால் லைலுக்கு உயிர். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனுக்கு மட்டும் ஒரு தூண்டில் முள் தபாலில் வரும். அந்தப் பிள்ளை போன செய்தியைக்கூட வெண்டல் தம்பிக்குச் சொல்லவில்லை. எட்டு நாள் கழித்து லைல் அதைச் செய்தித்தாளில் படித்தான்.

"அம்மா வரா" என்றாள் பெத்தனி. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று சொன்னாள்: "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். அவ பிரிச்சுப் பாத்து வெறும் அட்டை கையில வர்றதுக்கு முன்னாடி சொல்லணும். இல்லைன்னா அவ உங்களை மன்னிக்கவே மாட்டா, நானும்தான்."

நோரீன் இரண்டு கையிலும் காகிதப் பையோடு வந்தாள். வெண்டலுக்கென்று லவங்கப்பட்டைத் தூள் தூவிய டோநட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள். அவர் அதை வாங்கிக் கடித்தார். மீதியைக் காகிதப் பைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

*

வீட்டில் நோரீன் அடுப்படிக்குப் போனாள். பீன்ஸும் மாட்டிறைச்சியும் மிளகாயுமாய்ச் செய்து வைத்திருந்த சில்லியை அடுப்பில் ஏற்றிக் கிளறினாள். "சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாம்" என்றாள். பெத்தனி அவளோடு நின்றுகொண்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்காமல் வெண்டல் மாடிப்படிக்கு வந்தார்.

மனுஷன் மனம் இருக்கிறதே! சொல்லிவிடத்தான் வந்தார். வந்த இடத்தில் வேறு புத்தி போயிற்று. மேசை இழுப்பறையில் டிராவிஸ் பள்ளி முடித்தபோது எடுத்த படம் ஒன்று கிடந்தது. கறுப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாய், சற்றே வழிசலாக அவன் சிரிக்கும் படம். அளவும் ஏறக்குறைய சரி. இதை உள்ளே வைத்துவிட்டால்? 'மீன் படம்னா நினைச்சே? அதை அவனே போன வருஷம் மாத்திட்டானே' என்று ஒரு பொய். இறந்துபோனவன்மேல் பழி போட்டால் அவன் வந்து மறுக்கவா போகிறான்?

ஆந்தையைக் கழற்றிப் படிமேல் கவிழ்த்து வைத்தார். ஸ்க்ரூ டிரைவரால் சட்டத்தின் பின்புறத்துத் தகரக் காதுகளை ஒவ்வொன்றாய் நெம்பினார். அட்டையை எடுத்தார். பள்ளிப் படத்தை ஆந்தையின் முதுகில் வைத்தார்.

அடுப்படியில் நோரீன் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டென்று சொல்ல முடியாது, ஏதோ ராகம். பிள்ளைகள் சின்னதாயிருந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுவாளே, அது. இந்தப் பதினோரு மாதத்தில் இந்த வீட்டில் கேட்காதது.

வெண்டல் பள்ளிப் படத்தை வெளியே எடுத்துவிட்டார். இந்தப் பெண்ணிடம் இன்னொரு பொய்யா? அவருக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

"நோரீன்" என்று கூப்பிட்டார். அது அவளுக்கு எட்டவில்லை. மறுபடி கூப்பிட்டார். "நோரீன், இங்கே கொஞ்சம் வா."

அவள் கையில் துண்டோடு வந்தாள். படிமேல் திறந்து கிடந்த சட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நான்தானே எடுப்பேன்னேன்! ஏன் வெண்டல்? ஒரே ஒரு விஷயம்தானே கேட்டேன் உன்கிட்ட!"

"உக்காரு."

"எங்கே அவன்? குடு இப்படி."

"அது இதுல இல்லை நோரீன். இத்தனை மாசமாவே இல்லை. நான் எடுத்துட்டேன். அடக்கத்துக்கு முந்தின நாள்."

அவள் குனிந்து சட்டத்தைத் தூக்கினாள். கண்ணாடி, ஆந்தை, அதன் வெள்ளை முதுகு. புரட்டிப் பார்த்தாள். அட்டையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். விரலை விட்டு ஓரமெல்லாம் தடவினாள், எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்பதுபோல. பார்க்கச் சகிக்கவில்லை.

"எங்கே வெச்சிருக்கே?" என்றாள். "வண்டியிலயா? கொட்டகையிலயா? சொல்லு, நான் திட்ட மாட்டேன். எங்கே வெச்சிருக்கே?"

"அவன்கிட்ட இருக்கு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த துண்டால் அவர் மார்பில் அடித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. ஈரத்துண்டு சுளீர் சுளீரென்று விழுந்தது. வெண்டல் நகரவில்லை.

"நீ கேட்டுட்டே இருந்தியே! தினமும் கேட்டுட்டே படுத்திருந்தியே! நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன் வெண்டல்? இந்தக் கொட்டைக்கண்ணு ஆந்தைகிட்டயா? என்னைப் பைத்தியக்காரின்னு நினைச்சு விட்டுட்டியா?"

"இல்லை கண்ணு. சொன்னா நீ அவன்கூடப் பேசறதை நிறுத்திடுவியோன்னு பயந்தேன்."

அவள் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுதாள். அழுகை என்றால் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு அழுத அழுகை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழவேண்டிய அழுகை. பெத்தனி அடுப்படி வாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டாள். வெண்டல் ஒரு படி கீழே, மனைவியின் காலடியில் உட்கார்ந்தார். அவளைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கே வெச்சே? கையிலயா?"

"சட்டைப் பையில. நீல நிறக் கட்டம் போட்ட சட்டை. இடது பக்கம்."

"நான் பட்டன் தெச்சுக் குடுத்த சட்டை."

"அதேதான்."

ஆந்தைச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், ஏதோ அடுப்படிச் சாமானைப் பற்றிக் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

"என் முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அந்தக் காலையில் நடந்தது ஒவ்வொன்றும் வெண்டலின் கைக்கு ஞாபகம் இருந்தது.

"முதல்ல வெளிப்பக்கமா வெச்சேன்" என்றார். "அப்புறம் மறுபடி எடுத்துத் திருப்பி வெச்சேன். நீ உள்பக்கம் பாத்துட்டிருக்கே. அவன் நெஞ்சைப் பாத்துட்டு."

நோரீன் தலையை ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள். கையை நீட்டி அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். அடிக்கப் போகிறாளோ என்று நினைத்தார். அவள் பிடித்தபடியே இருந்தாள், விடவில்லை.

"சிரிச்சிட்டிருக்கேன், அதுல" என்றாள்.

"ஆமா. தொப்பி பறக்குது."

"அதை நான் இனிமே பாக்கவே முடியாது."

அப்போதுதான் பெத்தனி முன்னால் வந்தாள். "அம்மா, அது லைல் சித்தப்பா எடுத்த படம். அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார். நெகட்டிவ் இருக்கலாம்."

நோரீன் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். "ஏன் கேக்கலை?" என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பெத்தனியின் கையிலிருந்த போனை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"நீ போடு."

"நோரீன், அவன் எடுக்க மாட்டான். எடுத்தாலும்..."

"எடுக்கலைன்னா எடுக்கற வரைக்கும் போடு. என் படத்தை நீ குடுத்தே. நீதான் திருப்பிக் கேக்கணும்."

எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. நான்கு, ஐந்து. ஆறாவது மணியில் எடுத்தான்.

"ஹலோ."

ஏழு வருஷத்துக்குப் பிறகு கேட்கும் குரல். தங்கள் அப்பாவின் குரல் தம்பிக்கு அப்படியே வந்திருந்தது.

"லைல்... நான் வெண்டல்."

மறுமுனையில் எங்கோ நாய் குரைத்தது. கதவு ஒன்று மூடியது. அப்புறம் தம்பி பேசினான். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

"அவன் சாவுக்கு என்னைக் கூப்பிடலை நீ. இப்ப எதுக்குக் கூப்பிடறே?"

வெண்டலின் உதடு அசைந்தது. கன்னத்தில் நீர் வழிந்தது. 'மன்னிச்சுக்க' என்ற ஒரு சொல், பதினோரு மாதம் தாமதித்த சொல், வெளியே வரவில்லை. நோரீன் ஒரு கணம் பார்த்தாள். அவர் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள்.

"லைல், நான் நோரீன். அவர் மன்னிப்பு கேக்கத்தான் போட்டார், சொல்ல வரலை அவருக்கு. அழறார்." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "ஏரிக்கரையில நானும் டிராவிஸும், மீன் பிடிச்ச அன்னிக்கு, நீ ஒரு படம் எடுத்தியே. ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கத்திலிருந்து லைல் பேசினான். நீளமாகப் பேசினான். வெண்டலுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நோரீனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து நல்லதா கெட்டதா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்போ?" என்றாள் நோரீன் போனில். "டிராவிஸா? அவனே வந்தானா உன் வீட்டுக்கு?"

ஆந்தை இன்னும் அவள் மடியில்தான் கிடந்தது. காதில் போனை அழுத்திப் பிடித்தபடியே அவள் அதை மெல்ல எடுத்து, கண்ணாடி மேல்பக்கம் இருக்கும்படி பக்கத்துப் படியில் வைத்தாள். பிறகு லைல் வீட்டுக்குக் கிளம்ப எழுந்து தன் கோட்டைத் தேடினாள்.